அயர்லாந்தில் துக்கம் விசாரிக்கச் செல்லும் முறை: புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

அயர்லாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில மாதங்கள் ஆவதற்குள், உடன் பணிபுரியும் ஒருவருடைய தந்தையோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ காலமாகிவிட்டதாகச் செய்தி வரும். அப்போது நம்மவர்களில் பலர் செய்யும் பிழை, சொல்லி அனுப்பட்டும் என்று காத்திருப்பதுதான். இங்கே துக்கத்துக்கு யாரும் யாரையும் தனியாக அழைப்பதில்லை. இறப்பு அறிவிப்பு வெளியானாலே அது ஊருக்கெல்லாம் விடுத்த அழைப்பு. நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதற்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது அப்படியே இந்த நாட்டுக்கும் பொருந்தும். இறந்தவரை நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராவிட்டாலும், அவருடைய மகளோ மகனோ உங்களோடு வேலை பார்க்கிறார் என்பதே போவதற்குப் போதுமான காரணம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மேற்கு அயர்லாந்தின் சிறு நகரம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த பெண்மணியின் தாயார் இறந்தார். குடும்பத்தார் கூடியிருக்கும் இடத்தில் முன்பின் அறியாத ஒருவன் போய் நிற்பது நாகரிகமாக இராது என்று எண்ணி, நான்கு வரியில் ஓர் இரங்கல் செய்தியைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியவர், ஒவ்வொரு மேசையாகச் சென்று, வந்ததற்கு நன்றி என்று கையைப் பிடித்துச் சொன்னார். என் மேசைக்கு வந்தபோது சற்றுத் தயங்கி, செய்தி அனுப்பியதற்கு நன்றி என்றார். அவர் முகத்தில் குறையேதும் தெரியவில்லை. ஆனால் அந்த அறையில் போகாதவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்றொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: காலம் மிகக் குறைவு. பக்கத்திலிருக்கும் இங்கிலாந்தில் அடக்கத்துக்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகிவிடும். அயர்லாந்தில் பெரும்பாலும் மூன்றாம் நாளே எல்லாம் முடிந்துவிடும். திங்கட்கிழமை இறந்தவரைச் செவ்வாய் மாலை பார்வைக்கு வைத்துப் புதன்கிழமை முற்பகல் தேவாலயத்தில் திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாட்டை முடித்து அடக்கம் செய்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வந்துசேர வேண்டியிருந்தாலோ, பிரேதப் பரிசோதனை நடந்தாலோ ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். எனவே, சனி ஞாயிறில் போய்க்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதற்கு இடமில்லை.

இறப்பு அறிவிப்பை வாசித்தல்

முதல் வேலை அறிவிப்பைத் தேடி எடுப்பது. 2005இல் தொடங்கப்பட்ட ஆர்ஐபி டாட் ஐஈ என்னும் இணையதளத்தில், நாட்டில் நிகழும் இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை அன்றன்றே வெளியாகிவிடும். நாள் தவறாமல் காலையில் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் இங்கே வயதானவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2024இல் ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ்க் குழுமம் அதை வாங்கி, 2025 தொடக்கத்திலிருந்து ஓர் அறிவிப்புக்கு 100 யூரோ கட்டணம் வைத்தபோது நாடெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. அந்தத் தளம் மக்கள் வாழ்வில் எந்த அளவுக்குக் கலந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இது தவிர, மாவட்ட வானொலிகள் நாள்தோறும் குறித்த நேரத்தில் இறப்புச் செய்திகளை வாசிக்கின்றன. அந்தச் சில நிமிடங்களுக்குக் கிராமத்துச் சமையலறைகளில் பேச்சு அடங்கிவிடும்.

அறிவிப்பின் நடை ஆண்டாண்டுக் காலமாக மாறாமல் வருவது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. ‘ரிப்போஸிங்’ என்றால் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது வீட்டிலா, ‘ஃப்யூனரல் ஹோம்’ எனப்படும் இறுதிச்சடங்கு நிலையத்திலா, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பது பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் போக வேண்டியது அந்த நேரத்துக்குள்தான். ‘ஹவுஸ் பிரைவேட்’ என்று எழுதியிருந்தால், குறிப்பிட்ட நேரம் போக மற்ற வேளைகளில் வீடு குடும்பத்தாருக்கு மட்டும் உரியது. அந்த வரியை மீறக் கூடாது. ‘ரிமூவல்’ என்பது உடலை வீட்டிலிருந்தோ நிலையத்திலிருந்தோ தேவாலயத்துக்கு எடுத்துச் செல்வது. முன்பெல்லாம் முந்தைய நாள் மாலையே எடுத்துச் சென்று இரவு முழுவதும் தேவாலயத்தில் வைத்திருப்பார்கள். இப்போது பல ஊர்களில் அடக்கத்தன்று காலையில்தான் எடுக்கிறார்கள். ‘ஃபேமிலி ஃப்ளவர்ஸ் ஒன்லி’ என்றால் வெளியார் பூ கொண்டுவர வேண்டாம். அடுத்த வரியிலேயே, விரும்பினால் இன்ன மருத்துவ அறக்கட்டளைக்கோ முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கோ நன்கொடை கொடுங்கள் என்று பெயர் குறிப்பிட்டிருப்பார்கள். திருமணமான பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள். அவர் பிறந்த ஊரார் அடையாளம் கண்டு வந்துவிடுவதற்காக.

‘சடன்லி’, அதாவது திடீரென்று, என்ற சொல்லைக் கண்டால் கூடுதல் கவனம் தேவை. மாரடைப்பாகவும் இருக்கலாம், விபத்தாகவும் இருக்கலாம், தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். எப்படி இறந்தார் என்று நம் ஊர்த் துக்க வீட்டில் கேட்பது இயல்பு. சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வதற்கு அது ஒரு வழியும்கூட. இங்கே அந்தக் கேள்வியை நீங்கள் தொடங்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

உடையும் கையில் எடுத்துச் செல்வதும்

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முழுக் கறுப்புதான் உடுத்த வேண்டும் என்ற விதி குடும்பத்தாரிடம்கூட இப்போது கண்டிப்பாக இல்லை. அடர்நிறத்தில் சுத்தமான கோட்டும், சேற்றில் நடக்கத்தக்க காலணியும் போதும். வேலைச் சீருடையோடு நேரே வந்து நிற்பவர்களை யாரும் தவறாக எண்ணுவதில்லை, வந்ததுதான் கணக்கு.

பூங்கொத்து விஷயத்தில் நான் ஒருமுறை அகப்பட்டுக்கொண்டேன். அறிவிப்பைச் சரியாக வாசிக்காமல் வெள்ளை லில்லிப் பூக்களோடு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவருகே நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய், பின்கட்டுச் சன்னல் திண்டில் ஒரு வாளித் தண்ணீரில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, உள்ளே போகும்படி கைகாட்டினார்.

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் பூவுக்குப் பதிலாகத் திருப்பலி அட்டை கொடுப்பது வழக்கம். இறந்தவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு குருவின் கையொப்பம் அதில் இருக்கும். பங்கு எனப்படும் ஊர்த் தேவாலயத்தின் அலுவலகத்திலோ துறவியர் மடத்திலோ, ஒரு சிறு காணிக்கை செலுத்தி, இறந்தவர் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். குருவுக்குத் தெரியாமலே கையொப்பம் அச்சிட்டுக் கடைகளில் விற்கும் வணிகம் பெருகியதால், 2009ஆம் ஆண்டின் அறநிறுவனங்கள் சட்டத்தில் அதைக் குற்றமாக்கும் பிரிவொன்றையே சேர்த்தார்கள். நீங்கள் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தாலும் திருப்பலி அட்டை கொடுப்பதில் பிழையில்லை. மனத்துக்கு ஒப்பவில்லையென்றால், கைப்பட இரண்டு வரி எழுதிய சாதாரண இரங்கல் அட்டையே போதும். ஆனால் புராட்டஸ்டன்ட் குடும்பத்துக்குத் திருப்பலி அட்டை கொடுக்கக் கூடாது. புராட்டஸ்டன்ட் பிரிவுகளான அயர்லாந்துத் திருச்சபையினரும் பிரெஸ்பிட்டேரியன் சபையினரும் இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பவர்கள் அல்லர். அவர்களுக்கு அது சங்கடத்தைத் தரும்.

அண்டை வீட்டார் என்றால் உணவு கொண்டுபோகலாம், கொண்டுபோகவும் வேண்டும். துக்க வீட்டில் அடுப்பை அக்கம்பக்கத்தாரே கவனித்துக்கொள்வது நம் வழக்கம் போன்றதுதான். முட்டை சாண்ட்விச், ஆப்பிள் டார்ட், பழக்கேக் போல, தட்டிலிருந்து கையால் எடுத்து உண்ணக்கூடியவையே ஏற்றவை. பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே மாதிரியான முப்பது தட்டுகள் அந்தச் சமையலறையில் குவிந்துகிடக்கும்.

துக்க வீட்டுக்குள்

வீட்டில் உடலை வைத்து, இரவு முழுவதும் தனியே விடாமல் காத்திருக்கும் வழக்கத்துக்கு ‘வேக்’ என்று பெயர். டப்ளின் போன்ற நகரங்களில் இது பெரிதும் குறைந்து, இறுதிச்சடங்கு நிலையத்தில் சில மணி நேரப் பார்வையாகச் சுருங்கிவிட்டது; மேற்கு மாவட்டங்களிலும், அதைவிட வட மாகாணமான அல்ஸ்டரிலும், இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய நாள்களில் உயிர் பிரிந்ததும் கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள், ஆன்மா வெளியேறச் சன்னலைத் திறந்துவைப்பார்கள். களிமண் புகைக்குழாயும் புகையிலையும் வந்தவர்களுக்கெல்லாம் வழங்கப்படும். பெண்கள் உடலைச் சுற்றி அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள்; ஐரிஷ் மொழி இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்றாகப் போற்றப்படும் நீண்ட புலம்பல் பாடல், 1773இல் சுட்டுக் கொல்லப்பட்ட தன் கணவன் ஆர்ட் ஓ லியரிக்காக ஐலீன் டுவ் நி கோனல் என்ற பெண் வைத்த ஒப்பாரிதான். வேக் வீட்டில் விளையாட்டும் குடியும் கேலியும் எல்லை மீறுவதாகக் கூறி, 17ஆம் நூற்றாண்டு முதலே ஆயர்கள் எனப்படும் பிஷப்புகளின் மன்றங்கள் தடைவிதித்துப் பார்த்தன. விளையாட்டுகள் மறைவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒப்பாரியும் இன்று வழக்கில் இல்லை.

இப்போது நீங்கள் காணப்போவது இதுதான். சாலையோரம் நெடுந்தூரத்துக்குக் கார்கள் நின்றிருக்கும். ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்த அண்டை வீட்டார் ஒருவர் எங்கே நிறுத்துவது என்று கைகாட்டுவார். வாசல் கதவு திறந்தே இருக்கும். அழைப்புமணியைத் தொட வேண்டாம். வரிசை தாழ்வாரம் வழியாக நகர்ந்து முன்னறைக்குள் நுழையும். அறையில் சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்திச் சுவரோரம் நாற்காலிகள் போட்டுக் குடும்பத்தார் அமர்ந்திருப்பார்கள். சவப்பெட்டி திறந்திருக்கும், அதன் மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். இறந்தவருடைய விரல்களைச் சுற்றிச் செபமாலை பின்னியிருக்கும். தலைமாட்டில் மெழுகுவத்தி எரியும்.

முதல் நாற்காலியிலிருந்து தொடங்கி ஒருவரையும் விடாமல் கைகொடுத்துக்கொண்டே செல்லுங்கள். யார் மகன், யார் மருமகன், யார் சும்மா வந்து அமர்ந்த சித்தப்பா என்று தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் கைகொடுங்கள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’. கிராமப்புறத்தில் முதியவர்கள் ‘சாரி ஃபார் யுவர் ட்ரபிள்’ என்பார்கள். எனக்கு முன்னால் நாற்பது பேர் சொன்னதையே நானும் சொல்வதா என்று ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. புதிதாக ஒன்றைச் சொல்ல முயல்வதுதான் இங்கே பிழை. துயரத்திலிருப்பவர் யோசிக்காமல் பதில் சொல்வதற்கு அந்தப் பழகிய சொற்கள்தான் உதவுகின்றன. அவர் ‘தேங்க்ஸ் ஃபார் கமிங்’ என்பார். அதோடு ஒரு கைகுலுக்கல் முடிந்தது. கூடுதலாகச் சொல்வதென்றால் நீங்கள் யார் என்பதைச் சொல்லுங்கள்: மேரியோடு வேலை பார்க்கிறேன், நான்காவது வீட்டில் குடியிருக்கிறேன் என்பது போல. இறந்தவரை அறிந்திருந்தால், அவர் உங்களுக்குச் செய்த ஒரு சிறு உதவியை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரியை அவர்கள் பல மாதம் நினைவில் வைத்திருப்பார்கள்.

பெட்டியருகே வந்ததும் சில நொடிகள் நின்று தலைகுனியுங்கள். பலர் இறந்தவருடைய கையையோ நெற்றியையோ தொடுவார்கள். உடல் சில்லென்று இருக்கும். தொடுவது கட்டாயமில்லை. காலில் விழுந்து கும்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அறையே உங்களைப் பார்க்கும். கைகூப்பி நிற்பதே போதும். சிறு குழந்தைகள் பெட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். பிள்ளைகளை மரணத்திலிருந்து மறைத்துவைக்கும் வழக்கம் இங்கே இல்லை. புகைப்படம் மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது.

அடுத்து உங்களைச் சமையலறைக்கு அனுப்புவார்கள். துக்க வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் திரும்பிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஊர் மன்றத்திலிருந்து இரவல் வாங்கிவந்த பெரிய கொதிகலனிலிருந்து ஒருவர் இடைவிடாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். வேண்டாம் என்றால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார். வாங்கிக் குடிப்பதே மரியாதை. சைவ உணவுக்காரர்கள் சாண்ட்விச்சின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது, ஹாம் என்னும் பன்றி இறைச்சி இல்லாத தட்டு அரிது. கேக்கில் கைவைத்தால் வம்பில்லை. அங்கே சிரிப்புச் சத்தமும் கேட்கும். இறந்தவர் ஏதோ ஒரு சந்தையில் கன்றுக்குட்டியை விலைபேசிய கதையை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார். இறந்தவரை அவமதிப்பதாக எண்ண வேண்டாம், அவர்கள் அவரை மதிக்கும் முறையே அது. பதினைந்து இருபது நிமிடம் இருந்துவிட்டு எழலாம். நெருங்கியவர்கள் மட்டுமே இரவு முழுவதும் இருப்பார்கள்.

தேவாலயத்தில்

வேக்குக்குப் போய்க் கைகொடுத்துவிட்டால் திருப்பலிக்கும் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை; இரண்டில் ஒன்றுக்காவது போனால் உங்கள் கடமை நிறைவேறியதாகவே கொள்வார்கள். வேக்குக்குப் போக முடியாதவர்கள் தேவாலயத்தில், பெரும்பாலும் திருப்பலிக்கு முன்போ முடிவிலோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரிடம் வரிசையில் சென்று கைகொடுக்கலாம்.

முன்வரிசைகளை விட்டுவிட்டு நடுவிலோ பின்னாலோ அமருங்கள். மற்றவர்கள் எழும்போது எழுங்கள். அவர்கள் முழந்தாளிடும்போது நீங்கள் அமர்ந்தே இருக்கலாம். நற்கருணை எனப்படும் புனித அப்பத்தை வாங்க வரிசை நகரும்போது, கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இருக்கையிலேயே இருந்து, மற்றவர்களுக்கு வழிவிட்டால் போதும். நம்மில் கத்தோலிக்கர்களாக இருப்பவர்களுக்குச் சடங்கில் புதிதாக எதுவும் இராது, வேகம்தான் வியப்பூட்டும். முக்கால் மணி நேரத்தில் திருப்பலி முடிந்துவிடும். தொடக்கத்தில் இறந்தவருடைய வாழ்க்கையைச் சொல்லும் பொருள்களைப் பீடத்துக்குக் கொண்டுவருவார்கள்: ஐரிஷ் மரபு விளையாட்டுகளுக்கான ஜிஏஏ கழகத்தின் சட்டை, தோட்டக் கத்தரிக்கோல், சீட்டுக்கட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். நேரில் வர இயலாதவர்களுக்குப் பல தேவாலயங்களில் நேரலை உண்டு. 2020இல் பெருந்தொற்றின்போது அடக்கத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற நிலை வந்தபோது பரவிய வசதி அது. அந்நாள்களில் கிராமத்தார் இடைவெளி விட்டுச் சாலையின் இருபுறமும் வரிசையாக நின்று, சவ ஊர்தி கடக்கும்வரை தலைகுனிந்து வழியனுப்பினார்கள்.

பெட்டியைத் தூக்குவது குடும்பத்தாரும் நண்பர்களும்தான். பக்கத்துக்கு மூவராக அறுவர், எதிரே இருப்பவருடைய தோளைக் கையால் அணைத்துக்கொண்டு, தோள்மீது சுமந்து நடப்பார்கள். வழியில் ஆள் மாறிக்கொள்வதும் உண்டு. உங்களை ஒரு முறை தோள்கொடுக்க அழைத்தால் அது பெரிய மரியாதை, மறுக்காதீர்கள். உயரம் பார்த்து இணை சேர்ப்பதை இறுதிச்சடங்கு நிலையத்தார் கவனித்துக்கொள்வார்கள். பெண்களும் தூக்குகிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில்

பெண்கள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது என்ற எண்ணமே இங்கே கிடையாது, எல்லோரும் போகிறார்கள். குருவின் செபத்துக்குப் பின் செபமாலையில் பத்து மணிகளுக்கு உரிய செபத்தைச் சொல்வார்கள். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியைக் கூட்டம் சொல்லும். குளிர்காற்றில் அந்தக் குரல்கள் முணுமுணுப்பாக எழுந்து அடங்கும். இந்தச் செபத்துக்கே போராட வேண்டியிருந்த காலம் உண்டு. 1823இல் டப்ளினில் ஒரு கல்லறையருகே செபம் சொல்ல முற்பட்ட கத்தோலிக்கக் குருவைப் புராட்டஸ்டன்ட் தேவாலய ஊழியர் தடுத்ததால் எழுந்த கொந்தளிப்பே, கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய தலைவர் டேனியல் ஓ கானல் முன்னின்று எல்லா மதத்தாருக்குமான கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தை 1832இல் திறப்பதற்குக் காரணமாயிற்று.

தகனம் இங்கே பிந்தி வந்தது. அயர்லாந்துக் குடியரசின் முதல் எரியூட்டு நிலையம் அதே கிளாஸ்நெவினில் 1982இல்தான் தொடங்கியது. தகனத்துக்கு நீங்கள் போவதாக இருந்தால் இடம் சிறியது என்பதால் சற்று முன்னதாகச் செல்வது நல்லது. கத்தோலிக்கர்கள் சாம்பலைத் தூவாமல் புனித இடத்தில் வைக்கும்படி திருச்சபை கேட்டுக்கொள்கிறது; எங்கே கரைக்கப்போகிறீர்கள் என்று நம் வழக்கப்படி கேட்டுவிட வேண்டாம்.

அடக்கம் முடிந்ததும், இன்ன ஓட்டலில் உணவு உண்டு, எல்லோரும் வர வேண்டும் என்று குரு அறிவிப்பார். அது உபசாரப் பேச்சு அன்று, உண்மையான அழைப்பு. சூப்பும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருக்கும். நெருக்கமில்லாதவர்கள் கைகொடுத்து விடைபெற்றுவிடுவதும் வழக்கமே. நம் ஊரில் போல் சொல்லாமல் கிளம்புவது இங்கே மரியாதைக் குறைவு. போகிறேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

சாலையில் சவ ஊர்தியைக் கண்டால், அது யாருடையதாக இருந்தாலும் நடந்துகொண்டிருப்பவர் நின்றுவிடுவார். தொப்பியை எடுப்பார், சிலர் சிலுவை அடையாளம் வரைவார்கள். சிற்றூர்களில் ஊர்வலம் கடக்கும்வரை கடைக் கதவுகளைச் சாத்தி வைப்பார்கள். காரில் இருந்தால் ஊர்வலத்தை முந்திச் செல்லாதீர்கள், அதன் நடுவில் நுழையாதீர்கள்.

அதன் பிறகு

ஒரு மாதம் ஆனதும் ‘மந்த்ஸ் மைண்ட்’ என்ற நினைவுத் திருப்பலி நடக்கும். கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் உங்கள் வருகை இங்கே இன்னும் தெரியும். நவம்பர் மாதம் இறந்தோருக்கு உரியது. பங்கில் உறையில் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியல் பீடத்தில் வைக்கப்பட்டிருக்கும். கோடையில் ஒரு ஞாயிறு குரு கல்லறைகளை ஆசீர்வதிக்கும் நாள். அதற்கு முந்தைய வாரம் ஊரே களைபறித்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கும். வேலையிடத்துக்குத் திரும்பியவரிடம் எதுவும் நடவாததுபோல் இருப்பதைவிட, அம்மா எப்படிப்பட்டவர் என்று ஒரு தேநீர் இடைவேளையில் கேட்பது நல்லது; பெரும்பாலும் விருப்பத்தோடு சொல்வார்கள்.

சில மாதங்கள் கழித்து அஞ்சலில் ஒரு சிறு நினைவு அட்டை வரும். ஒரு பக்கம் இறந்தவருடைய புகைப்படம், மறுபக்கம் ஒரு செபமோ சில கவிதை வரிகளோ இருக்கும். அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. பணப்பையிலோ சமையலறை அலமாரிக் கண்ணாடியின் விளிம்பிலோ செருகிவைப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். நீங்கள் சாண்ட்விச் கொண்டுபோன தட்டும் அதற்குள் கழுவித் துடைக்கப்பட்டு, பெயர் எழுதிய ஒட்டுநாடாவோடு, உங்கள் வாசற்படிக்கு வந்திருக்கும்; வரவில்லையென்றாலும் போய்க் கேட்காதீர்கள்.